தப்பாகச் சொல்கிறவர்

1. ஊர்ச் சரித்திரம், நாடகம், பாம்புக்கடி வைத்தியம் என்று எல்லாம் எழுதிய ஒருவர், கோத்தா திங்கி பக்கம் எங்கள் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மலேரியாவோடு வந்தார்.
2. அங்கே மருத்துவச்சியாக இருந்த நான், ஒரு நிறைமாதக்காரியிடம் முந்தைய பிரசவத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் பதிலும் சொல்லவில்லை, வயிற்றைத் தொடவும் விடவில்லை.
3. அவரிடம் சொன்னாள்.

நெட்டையான மனிதர், மை தடவிய மீசை. காய்ச்சல் விட்டதும் கைலிக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து உட்காருவார். யாரிடமும் கேள்வி கேட்க மாட்டார். எதையாவது தப்பாகச் சொல்வார்.

"பெரிய வெள்ளத்துல இந்தத் தோட்டத்துக்கு ஒண்ணும் ஆகலையாமே?" என்றார் அவளிடம்.

"யாரு சொன்னா? லயத்து வீடு பூரா தண்ணி! டாக்டரு ஆத்தைத் தாண்ட முடியாமத்தானே என் மொதப் புள்ள வயித்துலயே குறுக்கே கெடந்து செத்துச்சு!"

"இதுக்குத்தான் பயந்தியா? இப்பவாச்சும் வயித்தைக் காட்டும்மா" என்றேன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான். காட்டினாள். இதுவும் குறுக்கே கிடந்தது. அன்றே லாரியில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

"நான் கேட்டா சொல்லலை. உங்ககிட்ட மட்டும் எப்படி ஐயா?" எரிச்சலை மறைக்க முடியவில்லை.

"நீங்க சிங்கப்பூர்ல படிச்சவங்க, மிஸி. அதான் பயம்."

"சிங்கப்பூரா? ஜொகூர் பாருலதான் படிச்சேன்" என்று தொடங்கி, படிப்புக்காக அப்பாவோடு போட்ட சண்டை வரை சொல்லி முடித்தபோதுதான், அவர் மீசைக்குள் சிரிப்பதைக் கவனித்தேன்.

தாயும் பிள்ளையும் நலம். பிறகு நானும் தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். "மிஸிக்கே தெரியலையா?" என்று பெண்கள் பயந்துபோனார்கள். அவர்மேல் எனக்கிருக்கும் பொறாமை இன்னும் தீரவில்லை.