செம்பில் எழுதிய வரி

டீ கெட்டிலின் ஆவியில் இரண்டு சர்க்யூட் பலகைகளை இடுக்கியால் பிடித்துக்கொண்டு லாத்தா நின்ற ஜூலைக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பம்பாய் செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த சிறு கம்பெனி, பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் மருத்துவமனைத் தொட்டில்களைச் செய்தது. அவற்றுக்கான பலகைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர் அவர். பக்கத்துச் சீத்தா கேம்ப்பில் அவர் வீட்டார் அக்காவை லாத்தா என்பார்கள். ஆபீஸ் முழுக்க அப்படியே கூப்பிட்டோம். நான் பர்ச்சேஸ் பார்த்தேன்.

மலிவான பலகையைக் கொண்டுவந்தவன் நான்தான். அதுவரை கண்ணாடி இழைப் பலகையில் செய்துகொண்டிருந்தோம். நான் கொண்டுவந்தது காகிதத்தைப் பிசினில் அழுத்திச் செய்தது. மேலே பச்சை பூசிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பலகையின் ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் மின்சாரம், மறுபக்கம் குழந்தையின் வயிற்றில் ஒட்டும் சென்சார். நடுவே லாத்தா விட்டிருந்த இடைவெளிதான் காவல். "பம்பாய் மழையில காயிதம் தண்ணி குடிக்கும் தம்பி. குடிச்சா கரண்டு நடந்து வந்துரும்" என்றார். அரை மணி நேரம் ஆவி காட்டி, துடைத்து, கசிவு பார்க்கும் மீட்டரை வைத்தார். கண்ணாடி இழையில் கசிவே இல்லை. என் பலகையில் முள் மேலே ஏறியது.

முதலாளியும் அந்த முள்ளைப் பார்த்தார். "வாரண்டி ஒரு வருஷம். அதுவரைக்கும் தாங்கும், போதும். ஃபைலை அனுப்பும்மா."

"அனுப்புறேன் சார்" என்றார் லாத்தா. பணிந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அனுப்பிய ஃபைலில், பலகையின் மூலையில், மின்தடங்களோடு சேர்த்துச் செம்பிலேயே ஒரு வரி வரைந்திருந்தார்: கண்ணாடி இழையில் மட்டும் செய்யவும். மை என்றால் சுரண்டிவிடலாம். செம்பு ஒவ்வொரு பலகையோடும் கூடவே பிறக்கும்.

பலகை அடிக்கும் பட்டறையிலிருந்து எனக்கு போன் வந்தது. "ஆர்டர் ஒண்ணு சொல்லுது, பலகை ஒண்ணு சொல்லுது. மாத்தணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

முதலாளி அப்படி எழுதிய தாளை என் பக்கம் நகர்த்தினார். "நான் போட மாட்டேன் சார். நீங்க போடுங்கோ" என்றேன். மேலே இருப்பவர் ஒருவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. அவரும் போடவில்லை. தொட்டில்கள் கண்ணாடி இழைப் பலகையோடுதான் போயின.

அந்த மாதக் கடைசியில் லாத்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டால் முதலாளி வைத்துக்கொள்வாராம் என்று நான்தான் போய்ச் சொன்னேன். "நான் என்ன தப்பா வரைஞ்சேன்? காட்டச் சொல்லுங்க" என்றபடி டிராயரைக் காலி செய்தார்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். லாத்தா சீத்தா கேம்ப்பில் ஒரு மாடி அறையில் தனியாக வரைகிறார். எங்கள் பலகைகளும் அவரிடமே போகின்றன. போன வாரம் ஒரு பலகை டப்பாவுக்குள் அடங்கவில்லை. நடுவே விட்டிருந்த இடைவெளியில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எங்கள் எஞ்சினியர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"டப்பாவப் பெருசு பண்ணுங்க தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

பெரிய டப்பாவுக்கு அன்றே ஆர்டர் போட்டேன்.