எந்தப் பங்கிலும் இல்லாத ஊர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் ஒரு கத்தோலிக்கக் குரு. இதில் பொய் சொன்னால் நானே போய் இன்னொரு சாமியாரிடம் முழந்தாளிட வேண்டியிருக்கும். என்னிடம் பாவமன்னிப்புக் கேட்டு வந்த அந்தப் பெண் என்ன பாவம் சொன்னாள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் நடந்தது.

2001, சித்திரை மாதம். புதூர் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஏற்கெனவே என் பங்கில் பதின்மூன்று கிளை ஊர்கள். பைக்கில் சுற்றிச் சுற்றி இடுப்பு விட்டுப்போயிருந்தது. பதினான்காவதாக அந்த மாதம்தான் இதையும் என் தலையில் கட்டினார்கள். போதும்டா சாமி என்று ஆயரிடம் மாற்றல் கேட்டேன். வெளியில் மூச்சு விடவில்லை.

மதியம் மூன்று மணி. கோயிலுக்குள், பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தேன். ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ராஜமணி வாசலில் இருந்தார். அனல். அசதியில் கண் சொக்கியது.

க்ரீச்... மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் முழங்கால் பலகை முனகியது.

"சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணி ஆறு வருசமாச்சு." பெண்குரல்.

"ஏம்மா இவ்வளவு நாள்?"

"சாமி வரலியே."

பாவங்களைச் சொன்னாள். மன்னிப்பு அளித்தேன். நீளமாக ஒரு பெருமூச்சு... கூடவே மழைமண் வாசனை. இந்த வெயிலிலா?

எழுந்து பார்த்தேன். ஆள் இல்லை. பலகை முழுக்க ஈரக் கரிசல் சகதி.

"இப்ப வந்துட்டுப் போனது யாரு?"

"ஒருத்தரும் வரலியே சாமி. நான் இங்கனயேதான இருக்கேன்."

சகதியைக் காட்டினேன். ராஜமணி சிலுவை போட்டுக்கொண்டார்.

"பங்கை ரெண்டாப் பிரிச்சாவள்லா... எங்க ஊரை ரெண்டுலயும் சேக்கலை. அந்தச் சாமி இவிய பாப்பாவன்னாவ, இந்தச் சாமி அவிய பாப்பாவன்னாவ. ஆறு வருசம் யாரும் எட்டிப் பாக்கலை. சாவுக்குக்கூட வரலை. பதினோரு பேரு பாவமன்னிப்பு இல்லாமலே போயிட்டாவ."

"அதுல முதல்ல செத்தது யாரு?"

"ஒரு பொம்பள. ஐப்பசி அடைமழை. குழி நெறையத் தண்ணி. சகதியோடதான் சாமி இறக்குனோம்..."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டேன். மாற்றல் உறுதி என்றார்கள். அப்பாடா என்றிருந்தது.

வைகாசி. கடைசித் தடவையாகப் போனேன். அதே மூன்று மணி.

"இன்னும் யாரும் வரலை சாமி," என்றார் ராஜமணி.

உட்கார்ந்தேன்.

க்ரீச்...

இருமல். ஆண்குரல்.

அவருக்குப் பின்னால்... சளப்... சளப்... ஈரக் கால்கள்.

"மாத்தலாகிப் போயிராதீங்க சாமி..."

"எனக்குப் பின்னால ஒம்பது பேரு நிக்காவ."