ஒரு தோணிக்கு இரண்டு ஐ.சி.

1. அட்டையின் முதல் வரி

குணசீலன் இரண்டாம் தடவையாக எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்த அன்றுதான், பத்து வருடமாகச் செய்த வேலை எனக்குப் பாதிதான் தெரியும் என்பது விளங்கியது.

நான் மனநல வாட்டில் ஆண் தாதி. தூள் அடிப்பவர்களை, அதாவது ஹெரோயின்காரர்களை, பத்துப் பன்னிரண்டு நாள் வைத்து 'டிடொக்ஸ்' செய்து அனுப்புவோம். நடுக்கம், வாந்தி, உடம்பு உளைவு எல்லாம் வாட்டிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு 'ஃபொலோ-அப்'. அது என் பொறுப்பு. புதன்கிழமைகளில் சைக்கிளில் ஆமிக்காரரின் இரண்டு சென்றிச் சாவடி தாண்டி வாவிக்கரைக் கிராமத்துக்குப் போவேன். நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று கேட்டு, கிளினிக் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவேன்.

எல்லா அட்டையிலும் முதல் வரி ஒன்றுதான்: 'பழைய கூட்டாளிகளுடன் சேரக்கூடாது.' என் கையெழுத்து அழகானது. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தக் கிராமத்தில் எனக்கு இரண்டு பேர். வடக்குத் தொங்கலில் குணசீலன், தெற்குத் தொங்கலில் மயில்வாகனம். ஒரே தோணியில் மீன்பிடித்தவர்கள், ஒன்றாகத் தூள் அடித்தவர்கள். ஒரு மாத இடைவெளியில் இருவரும் வாட்டுக்கு வந்து சுகமாகிப் போனார்கள்.

"மயிலன் எப்பிடி ஐயா இருக்கான்?" என்று குணம் ஒவ்வொரு புதனும் கேட்பான்.

"அந்தக் கதை உனக்கு வேணாம் மனே" என்பேன். தெற்கே போனால் மயிலன் குணத்தைக் கேட்பான். அவனுக்கும் அதே பதில்.

நாலாம் மாதம் குணத்தை அவன் தாய் பஸ்ஸில் கொண்டுவந்தா. மறுபடி தூள். நடுக்கம் அடங்கியதும் நான் பாய்ந்தேன்.

"நாலு மாசம் ஒழுங்கா இருந்தவனுக்கு என்னடா வந்த?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தூளை விடச் சொன்னீங்க, விட்டன். கூட்டாளியை விடச் சொன்னீங்க, அவனையும் விட்டன். முந்தி ஊரார்ர வலையைக் களவெடுத்து வித்தவன் நான். என்னோட ஒருத்தனும் தோணியில ஏறுறானில்ல. தனிய வாவிக்குப் போக ஆமிக்காரன் விடுறானில்ல. நாலு மாசமா நான் பேசின ஆக்கள் ரெண்டு பேர். அம்மாவும் நீங்களும். நீங்க வாற புதன்கிழமை மட்டும்தானே ஐயா."

அவன் சொன்னது உண்மை. துறையில் இருந்த சென்றியில் ஒரு தோணிக்கு இரண்டு ஐ.சி., அதாவது இரண்டு பேரின் அடையாள அட்டை, கொடுத்தால்தான் இறங்கலாம். தனியே போகிறவன் மீனுக்கல்ல, இயக்கத்துக்குப் போகிறான் என்பது அவர்கள் கணக்கு.

இரண்டு ஐ.சி. அந்த ஊரிலேயே இருந்தன. அவற்றை வடக்கிலும் தெற்கிலுமாகப் பிரித்து வைத்தது என்னுடைய அழகான கையெழுத்து.

2. டொக்டரின் ஏச்சு

"உமக்கென்ன விசரா?" என்றார் டொக்டர். "ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டா ரெண்டு பேரும் போயிடுவாங்கள். மயில்வாகனம் நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இல்ல டொக்டர். தூள் மட்டும்தான் அடிக்கல்ல."

"ஏதும் நடந்தா நீர்தான் பொறுப்பு."

"ஓம் டொக்டர்" என்றேன்.

3. துறையில் ஒரு காலை

குணம் வீட்டுக்குப் போன அடுத்த புதன், இருவரையும் துறைக்கு வரச் சொன்னேன். இருவரும் முகம் பார்க்கவில்லை. சென்றிக்காரன் இரண்டு ஐ.சி.யையும் வாங்கிக்கொண்டு, பொறுப்புக்கு என்னுடையதையும் வாங்கினான். பன்னிரண்டு மணிக்கு முன் திரும்ப வேண்டும் என்றான்.

தோணி போய்விட்டது. எனக்குள் ஒரே பயம். டவுன் பக்கத்துத் துறையில் தூள் விற்பார்கள், தோணியில் அரை மணித்தியாலம்தான். பதினொன்றரை ஆனது. சென்றிக்காரன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். ஐயோ, இரண்டு பேரையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

தோணி கண்ணுக்குத் தெரியும் முன்னே சத்தம் கேட்டது.

"வலையை இழுக்கச் சொன்னா வாயைப் பாத்துக்கொண்டு நிக்கான்!" மயிலனின் குரல்.

"நீ முதல்ல தோணியை நேராப் புடிடா! ஆறு மாசத்தில எல்லாத்தையும் மறந்துட்டான், உண்ணாணை!"

கரை வரைக்கும் ஏச்சு. அதைக் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டை பிடிக்கவாவது குணத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

குணம் ஒரு கோர்வை மணலை மீனை நீட்டினான். "கொண்டு போங்க ஐயா."

"எனக்கு ஆக்கித் தர ஆளில்லடா. மனிசியும் புள்ளையும் கொழும்பில. ஷெல் விழத் தொடங்கினதோட அனுப்பிட்டன்."

"அப்ப நீங்க ஆரோட சாப்பிடுற?" என்றான் மயிலன்.

மூன்று வருடமாக ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் ஒற்றைக் கோப்பையைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று குணத்தின் தாய் வீட்டில் நாலு பேரும் சாப்பிட்டோம்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். குணம் இன்னொரு தடவை வழுக்கினான். அந்தத் தடவை அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றி வாட்டுக்குக் கொண்டுவந்தவன் மயிலன். மூன்றாம் நாள் வந்து, "எப்ப ஐயா விடுவீங்க, தோணி சும்மா கிடக்கு" என்று சண்டைக்கு நின்றவனும் அவன்தான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். யாருடன் சேரக்கூடாது என்று எழுதினால், யாருடன் சேரலாம் என்று அடுத்த வரியில் ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் கிடைக்கும் வரை அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள்.

என் பெயரில் அட்டை ஏதும் இல்லை. அந்தப் புதனுக்கு மறுநாள் கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். வழக்கமாக 'இங்கு நான் சுகம்' என்று தொடங்குவேன். அன்று அதை எழுதவில்லை.