ரோஸ் டைல்ஸும் ஐந்து டிரம்மும்

எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் என் அண்ணன் கட்டிய குளியலறைக்கு நிறம் தேர்ந்தெடுக்க நாற்பத்தொரு நாள் ஆயிற்று. நாட்குறிப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அத்தனை நாளில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டு, விரதமிருந்து, மலைக்கே போய்த் திரும்பிவிடலாம்.

சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறையை அண்ணன் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுவர் முழுக்க ரோஸ் டைல்ஸ், தலைக்கு மேலே ஷவர். கரிசல் காட்டில் மழை பெய்யாவிட்டால் போகிறது, தன் வீட்டுக்குள் பெய்தாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். இதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை, நானும்தான்.

நிறம் பார்க்க எங்களிடம் அட்டை ஏதும் இல்லை. அண்ணனின் சின்னத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து லேபிள் கட்டுகள் வந்தன. அவற்றைப் பூசாத சுவரில் ஒட்டி வைத்தோம். கிளியின் பச்சை, மயிலின் நீலம், தாமரையின் ரோஸ். வந்தவர் போனவரெல்லாம் கருத்துச் சொன்னார்கள். நீலம் மனத்தை அமைதிப்படுத்தும் என்று எங்கோ படித்திருந்ததால், நான் மயிலுக்காக அரை மணி நேரம் பேசினேன்.

“ஏலே, நீ படிச்சதைத் தேச்சுக் குளிச்சா அழுக்கு போகுமால?” என்றார் அண்ணன்.

மதினி மட்டும் நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய தார் டிரம்கள் கொல்லைக் கடைசியில் இருந்தன. வீட்டில் யார் குளித்தாலும் அங்கிருந்து குடத்தில் சுமந்து வருவது அவர்தான். முந்தின ஐப்பசி மழையில் கரிசல் சேறு காலைப் பிடித்து இழுக்க, குடத்தோடு விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த பிறகும் அந்தக் கை முழுதாக மடங்கவில்லை.

“எந்தக் கலராயும் இருக்கட்டும். மூலையில பெருசா ஒரு தொட்டி கட்டிக் குடுங்க. குழாயில வாரப்பவே டியூப் போட்டு ரொப்பிக்கிடுதேன்” என்று அண்ணனிடம் கேட்டார்.

“தொட்டி கட்டுனா டைல்ஸ் எவன் கண்ணுல படும்?”

தாமரை ஜெயித்தது. மாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை ஷவர் திறப்பு விழா. ஷவருக்கென்று மாடியில் வைத்த சின்னத் தொட்டியில் கொத்தனார் நாலு வாளி ஊற்றிவிட்டு வந்தார். அண்ணன் சோப்புப் போட்டு முடிக்கும்வரை ஷவர் பெய்தது. சோப்பைக் கழுவ, கொல்லையிலிருந்து மதினி குடம் சுமந்தார். ‘சிறப்பாக நடந்தேறியது’ என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். வெட்கக்கேடு.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்த அன்று அண்ணன் சரக்கு விஷயமாக விளாத்திகுளம் போயிருந்தார். மதினி யாரிடமும் கேட்கவில்லை. கொல்லையில் காலியாகிக் கிடந்த ஐந்து தார் டிரம்களையும் இடது கையால் உருட்டிக்கொண்டுவந்து குளியலறைச் சுவரோரமாக நிறுத்தி, டியூப் போட்டு நிரப்பினார். டைல்ஸ் ஒட்டியிருந்தது இடுப்பு உயரத்துக்குத்தான்; ரோஸ் மறைந்தது. சாயங்காலம் திரும்பி வந்த அண்ணன் அதைப் பார்த்தார். நிறைந்த டிரம்மை அசைக்கவும் முடியாது, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றவும் மனசு வராது. போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த வாரமே கழுகுமலையிலிருந்து அவருடைய வியாபாரக் கூட்டாளி ரோஸ் குளியலறையைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, “கலர் எங்கன?” என்று கேட்டார்.

“தண்ணி தீந்தாத் தெரியும் அண்ணாச்சி. நாலு நாள் தங்கிப் பாத்துட்டுப் போங்க” என்றார் மதினி.

அவர் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார். சித்திரையில் பதினாறு நாள் குழாய் காய்ந்தது. டிரம்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி ஒதுங்க, டைல்ஸ் முழுக்கத் தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வைகாசி பிறந்ததும் அண்ணனே கொத்தனாரைக் கூட்டிவந்து மூலையைக் காட்டினார். தொட்டியின் வெளிப்பக்கத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்தவர், லேபிள் கட்டை எடுத்து வரும்படி என்னிடம் சொன்னார். நானும் எழுந்தேன்.

“சிமிண்டு கலர்ல லேபிள் இருந்தாக் கொண்டாங்க தம்பி. இல்லைன்னா உக்காருங்க” என்றார் மதினி.

உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தொட்டி முடிந்தது.