கிழக்குச் சுவரின் வயது

பழைய கோட்டைகளைச் சுற்றிக் காட்டும் வேலையில் கால் வலி முதல் மாதத்தோடு போய்விடும். அதற்கப்புறம் வலிப்பதெல்லாம் நாம் சொன்ன வார்த்தைகள்தான். உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் இருப்பீர்கள், எப்படியோ வாயை நம்பிப் பிழைப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துபாயில் எட்டு வருடம் தமிழ் கைடாக இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியாயிற்று. பல பயணங்கள் மறந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறக்கவில்லை. அதைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

‘கருதப்படுகிறது’

எங்கள் ஆபீஸ் துபாயின் தேராப் பகுதியில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே இருந்தது. முதலாளி நூர்தீன் பாய், கீழக்கரைக்காரர். மலைப்பக்கத்துப் பழைய ஊர்களைக் காட்டும் ஒரு நாள் சுற்றுலாவுக்கு அவர் வாங்கி வைத்திருந்த உரை ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவர் ஓர் ஆங்கில அம்மையார். இங்கிலாந்துக் கிராமங்களில் கோட்டைகளையும் பழைய தேவாலயங்களையும் சுற்றிக் காட்டியே வயதானவர். அந்த ஊர் வழக்கப்படி வரிக்கு வரி ‘அநேகமாக’, ‘என்று கருதப்படுகிறது’, ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார்.

அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று படித்தவன். இரண்டும் கைக்கு அடங்கும் என்ற மிதப்பு. அம்மையாரின் தயக்கங்களை அப்படியே தமிழில் கொண்டுவந்து பாயிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். “ஏன் தம்பி, லீவு நாள்ல பிள்ள குட்டியோட வர்றவன், ‘கருதப்படுகிறது’ன்னா எப்படிக் கைதட்டுவான்?”

பஸ்ஸில் ஏறிய இருவர்

நான் சொல்லும் ஞாயிறு, குளிர்காலம். பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். பெரும்பாலும் ஆபீஸ் வேலையில் இருக்கும் சென்னை, கோவைக் குடும்பங்கள். கடைசியாக ஷார்ஜாவில் ஒரு தம்பதி ஏறினார்கள். செல்வராசு, ஜெயங்கொண்டம் பக்கம். கட்டட வேலை, தொழிலாளர் கேம்ப் வாசம், பதினோரு வருடம். மனைவி பூங்கொடி, ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு மாத விசிட் விசாவில் வந்திருந்தார். புதன்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும்.

அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். செல்வராசு போனில் எப்போதும், “கோட்டை வேல பாக்குறேன்” என்றுதான் சொல்வாராம். அது ஊரில் கேலியாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால், “உன் வூட்டுக்காரரு எந்த ராசாவுக்குடி கோட்ட கட்டுறாரு?” என்று கேட்பார்களாம். பூங்கொடி புருஷனிடம் ஒரே ஒன்று கேட்டிருக்கிறார்: கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டைக்கு நேரடி பஸ் கிடையாது. எங்கள் சுற்றுலாதான் வழி.

இதெதுவும் தெரியாமல் நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். செல்வராசு சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, என் கையைத் தொட்டுக் கேட்டார். “சார், கோட்டைக்கு நிச்சயமாப் போவோம்ல? நேரமாயிட்டுன்னு விட்டுட மாட்டீங்களே?”

காலி வீடுகள்

முதல் நிறுத்தம், ஆட்கள் விட்டுப்போன கல்வீடுகள். கூரையில்லை, கதவில்லை. பழைய குடிகள் அரசாங்கம் கட்டிக் கொடுத்த புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். எல்லோரும் படம் எடுக்கக் கலைந்தார்கள்.

பூங்கொடி மட்டும் ஒரு வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்தவர் வீடு என்பதுபோல் கால் வைக்கவில்லை. பிறகு, என்னைப் பார்த்தா புருஷனைப் பார்த்தா என்று தெரியாமல் சொன்னார். “வீட்டக் கட்டிப்புட்டு அதுல இருக்காமப் போறது நம்மூர்ல மட்டுந்தான்னு நெனச்சேன்.”

தொட்டுப் பாருங்கள்

கோட்டை சின்னது. மண்ணால் ஆன நான்கு சுவர், ஒரு காவல் கோபுரம், பின்னால் வறண்ட மலை. கிழக்குச் சுவரின் அருகே கூட்டத்தை நிறுத்தி, என் உரையின் உச்சத்துக்கு வந்தேன். “இருநூறு வருடம்! தொட்டுப் பாருங்கள். அன்று வைத்த மண். ஒரு கூடைகூட மாறவில்லை.”

கைதட்டல் அடங்கியதும் செல்வராசு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கை தூக்கினார். “சார், இந்தச் செவுரு நாங்க எழுப்புனது சார். நாலு வருசம் ஆச்சு. வரும்போது இடுப்பு ஒசரந்தான் இருந்துச்சு.”

வங்கியில் வேலை பார்க்கும் ராகவன் முன்வரிசையில் நின்றார். “அப்போ உங்களுக்கு இருநூறு வயசா? பார்த்தா தெரியலையே!” என்றார். கூட்டமே சிரித்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பை என் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆசையில், “இங்கே கோட்டைகள் நிறைய, அண்ணே. எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். நீங்கள் கட்டியது வேறாக இருக்கும்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அதனாலேயே அது நன்றாக இறங்கியது.

கூட்டம் கோபுரத்துப் பக்கம் நகர்ந்தது. அவர்கள் இருவரும் நகரவில்லை. செல்வராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கொடி சுவரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ஆனாலும் எனக்குக் கேட்டுவிட்டது. “வேற கோட்டையா இருந்தாலும் பரவால்ல. கட்டுனீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

சுவரின் வெளிப்பக்கம்

டீக்கு இருபது நிமிடம் விட்டிருந்தேன். நான் டீ குடிக்கப் போகவில்லை. வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனேன். சுவரோரம் செல்வராசு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பூங்கொடி பத்தடி தள்ளி, முதுகைக் காட்டியபடி மலையைப் பார்த்து நின்றார்.

“பழைய செவுரு எங்க முடியுதுன்னு நாளைக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்னு, நடுவுல ஒரு பச்ச வலய வெச்சு அதுக்கு மேல கட்டச் சொல்லுவாங்க சார்” என்றார். இடுப்பு உயரத்தில் பூச்சின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். “இந்த மட்டத்துல இருக்கு. மண்ணு, வைக்கோலு, தண்ணி ஊத்தி மிதிச்சு ஊறப் போடுவோம். நாத்தம் எடுத்தாத்தான் பக்குவம். பாகிஸ்தான்காரரு ஒருத்தரு, கான் பாய், அவருதான் கத்துக் குடுத்தாரு.”

என்னிடம் ஆபீஸ் சாவிக்கொத்து இருந்தது. அதை நீட்டி, “யாரும் இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுரண்டுங்கள். வலை தெரிந்தால் போதும், நானே எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்” என்றேன். சாவியை வாங்கினார். சுவருக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. புதன்கிழமை ஊருக்குப் போகிற மனைவி பத்தடியில் நிற்கிறாள், ஒரு சுரண்டலில் அவளுக்கு உண்மை தெரிந்துவிடும். சாவியை என் கையிலேயே திருப்பி வைத்தார். “வேணாம் சார். மழ வந்தா அந்த ஓட்ட வழியாத்தான் தண்ணி எறங்கும்.”

திருத்தம்

கட்டாதவன் அப்படிச் சொல்ல மாட்டான். அது ஒன்று. இன்னொன்றையும் உங்களிடம் ஒளிக்க முடியாது. சாவியைப் பையில் போடும்போது அம்மையாரின் உரை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கோட்டைப் பகுதியின் கடைசி வரி: சில பகுதிகள் அண்மையில் சீரமைக்கப்பட்டவை. எந்தப் பகுதி என்று அவர் எழுதவில்லை. நானும் விசாரிக்கவில்லை. வரி சப்பென்று இருக்கிறதென்று, மற்ற தயக்கங்களோடு சேர்த்து அதையும் வெட்டியவன் நான்தான்.

கூட்டத்தை மறுபடி கிழக்குச் சுவருக்குக் கூப்பிட்டேன். பஸ் டிரைவர் தூரத்திலிருந்து, “யல்லா, யல்லா!” என்று கையாட்டி அவசரப்படுத்தினார். “சற்று முன் தப்பாகச் சொன்னேன்” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. “இந்தச் சுவரின் அடிப்பாகம் பழையது. மேல்பாகத்தைக் கட்டியவர்களில் ஒருவர் நம்மோடு வந்திருக்கிறார். அவர் சொன்னதைப் பொய்யாக்கியது நான். இனி அவரே சொல்லட்டும்.”

செல்வராசு முதலில் கையைப் பிசைந்தார். பிறகு பேசினார். ஒரு நாளைக்கு ஒரு முழ உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏற்றினால் உட்கார்ந்துவிடும் என்றார். வெயில் காலத்தில் ஈரச்சாக்கு போர்த்தி, குழந்தைக்குப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்றார். ராகவனின் மகள், பத்து வயதிருக்கும், ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, நான் தமிழாக்கினேன். இந்த முறை ஒரு சொல்லும் விடாமல். ராகவனுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. பாய்க்குப் புகார் எழுதினார். அடுத்த மூன்று ஞாயிறும் பாய் எனக்குச் சுற்றுலா பஸ் கொடுக்கவில்லை. அன்று பஸ்ஸுக்குத் திரும்பும்போதே ராகவன் என்னிடம் சொல்லிவிட்டார். “நாங்க பழசைப் பார்க்க வந்தோம், சார். வேலையாளைப் பார்க்கணும்னா தினமும் எங்க பில்டிங் வாசல்லயே பார்க்கலாமே.”

மூலை

எல்லோரும் ஏறியபின் எண்ணினேன். இரண்டு தலை குறைந்தது. இறங்கி ஓடினேன். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

பூங்கொடி சுவரோடு சுவராக நடந்துகொண்டிருந்தார். மண்வீட்டில் வளர்ந்தவர், எங்கள் பயணிகள் தொடுவதுபோல் தொடவில்லை. விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளங்கையை வைத்துப் பூச்சின் மேடுபள்ளம் பார்த்தார். செல்வராசு நாலடி பின்னால், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவர் மாதிரி வந்தார். கோபுரமும் சுவரும் சேரும் இடத்தில் அந்தம்மா நின்றார். தலையைச் சாய்த்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “என்னாங்க, இந்த மூலையில பூச்சு கோணலாப் போயிருக்கே, இதுவும் நீங்கதானா?”

எட்டு வருடம் ஊர்ப்பட்ட பழங்கட்டடங்களுக்கு வயது சொல்லிப் பிழைத்தேன். கட்டியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சுவருக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வருடம் கூட்டிச் சொன்ன கைடு இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.