வெள்ளைக்கார டீச்சர் வரவில்லை

தனக்கோடி கம்போடியாவுக்குக் கிளம்பியபோது, அது எந்தத் திசையில் இருக்கிறதென்றே பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பாதித் தெருவுக்குத் தெரியாது. பொம்மனஹள்ளியில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களின் வசவை இங்கிலீஷிலேயே வாங்கிக் காலம் தள்ளியவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு, அங்கே ஒரு ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறேன் என்றதும் அம்மா சின்னத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இங்க இல்லாத ஏழைப் புள்ளைங்களாடி அங்க இருக்குது?"

திட்டு வாங்காத ஓர் இடத்தில் தன் இங்கிலீஷைப் பேசிப் பார்க்க வேண்டும். அதுதான் தனக்கோடியின் நிஜமான ஆசை. அதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

முதல் நாள் வகுப்பு நிரம்பி வழிந்தது. மறுநாள் பாதிப் பேர். அப்புறம் பெஞ்சுகள்தான் மிச்சம். உள்ளூர் ஆசிரியை ரத்தனா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வெள்ளைக்கார டீச்சர் வருவாள் என்று நினைத்தார்கள். நம்மைவிடக் கறுப்பாக இருக்கிற இவளுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும் என்கிறார்கள்." மாதக் கடைசிக்குள் பிள்ளைகள் வராவிட்டால் வகுப்பை மூடித் தனக்கோடியை ஊருக்கு அனுப்பிவிடுவதாக, அவளைக் கூட்டிவந்த தொண்டு நிறுவனமும் சொல்லிவிட்டது.

தம்பி விக்கி போனில் சிரித்தான். "பவுடர் டப்பா பார்சல் அனுப்பட்டாக்கா?"

"வைடா போனை!"

"தமாஷுக்குக்கா. வந்துடேன், பழைய வேலையே கெடைக்கும்."

கிடைக்கும்தான். அந்த ஹெட்போனை நினைத்தாலே அவளுக்குக் காது எரிந்தது.

பௌர்ணமியன்று காலை ஊர்ப் பெண்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போனார்கள். பெங்களூரில் இருந்திருந்தால் தனக்கோடியும் அன்று அம்மாவோடு விகாரைக்குத்தான் போயிருப்பாள். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் பௌத்தக் குடும்பம். காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், வெள்ளைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.

பிக்கு பாலி மொழியில் தொடங்க, எல்லோரும் கைகூப்பிச் சரணம் சொன்னார்கள். உச்சரிப்பு வேறு, சொற்கள் அதேதான். அவள் வாயும் தானாகக் கூடவே சொன்னது. பஞ்சசீலம் முடிவதற்குள் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துவிட்டது. முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ரத்தனாவால் மொழிபெயர்த்து மாளவில்லை.

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லித்தந்தது?"

"எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம்."

"புத்தர் நடந்த ஊரா உன் ஊர்?"

அது பெங்களூரிலிருந்து ரயிலில் எவ்வளவு தூரம் என்று விளக்கப்போனாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருத்தி அவள் கையில் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தாள். இன்னொருத்தி மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரி, இங்கிலீஷ் வருமா?"

"உன் பிள்ளையை அனுப்பிப் பார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். இங்கிலீஷ் வருமா என்று கேட்டவளும் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை தனக்கோடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. தன் மூன்று பிள்ளைகளையும் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தபின்தான் தனக்கோடிக்கு மூச்சே சீராக வந்தது. இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னடி அங்க ஒரே கூச்சல்?"

"கிளாஸும்மா. எல்லாரும் வந்துட்டாங்க."

"அப்பாடா!" என்றாள் சின்னத்தாயி. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்போ இந்த மாசம் நீ வரமாட்ட?"

"வரமாட்டேம்மா."



"சரி, போனை வை. புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்."