அந்தப் பெண்ணின் பரீட்சை
திருப்போரூரில் செங்கல்பட்டு பஸ் ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, பேச்சுக்கு நடுவே அடிக்கடி மூச்சு வாங்கினார். இதய வால்வில் கோளாறாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“நம்ம திருப்போரூர் இவ்ளோ வளர்ந்துடுச்சு. நமக்கே ஒரு மருத்துவக் கல்லூரி வேணும்னு கேக்கறாங்க. வந்தா உங்களுக்கு அலைச்சல் இல்லையே?” என்றேன்.

“வரட்டும்பா, நல்லதுதான். ஆனா நான் செங்கல்பட்டுக்குத்தான் போவேன்.”

“ஏம்மா?”

“அங்க டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு கீது. மொத தபா என் நெஞ்சுல டெதஸ்கோப்பு வெச்சப்ப எடம் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துச்சு. இன்னா சத்தம்னே தெரியல. இப்பதான் புடிபட்டுகினு வருது. பரீட்சை முடியறவரைக்கும் நான் போவ வேணாவா?”

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி வேகமாக நடந்தார். “மெதுவாப் போங்கம்மா!” என்று ஜன்னல் வழியே கத்தினேன். அவர் திரும்பவில்லை.

அந்தப் பெண் டாக்டராகிவிட்டாளா, அந்த அம்மா இப்போது யாரிடம் காட்டிக்கொள்கிறார் என்று இன்னும் யோசிக்கிறேன்.